வேலைக்குச் சேருமுன் லீவைப் பேசுக!

ஈசூனில் இன்று பால் வெட்டுத் தோட்டம் கிடையாது. ஆனால் அந்த ஊரின் பெயரிலேயே ரப்பர் வாசனை இருக்கிறது. அன்னாசியும் ரப்பரும் பயிரிட்டுப் பெரும் பொருள் சேர்த்த லிம் நீ சூன் (1879–1936) அவர்களின் பெயரால் நீ சூன் என்று வழங்கிய இடமே, பிற்காலத்தில் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று. நம் பாட்டன்மார் மங்கு கவிழ்த்து மரம் வெட்டிய அந்த வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்து நிற்கின்றன. 1988 முதல் எம்.ஆர்.டி. ரயிலும் ஓடுகிறது. மரம் போயிற்று, வேலை இருக்கிறது. அந்த வேலையைத் தேடி நம் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போதும் போகிறார்கள்.

பெரட்டுக்கு விடியுமுன் எழுந்த தாய் தகப்பனின் பிள்ளைகள், அதற்கும் முந்தி எழுந்து ஜொகூர்ப் பாலம் கடந்து, ஈசூன் தொழிற்சாலைகளிலும் பண்டகசாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். இவர்களில் பலரை ஒரு சின்ன விஷயம் பெரிய தொல்லையில் மாட்டிவிடுகிறது. அதைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறோம்.

புதிய வேலை கிடைக்கிறது. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பே வீட்டில் ஒரு திருமணம் நிச்சயமாகி இருக்கிறது. அல்லது தமிழ்நாட்டுக்குப் போகக் குடும்பத்தோடு விமான டிக்கட் எடுத்தாயிற்று. அல்லது காவடிக்கு நேர்ந்துகொண்டாயிற்று. வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே அந்தத் தேதி வந்து நிற்கிறது. கேட்கலாமா? கேட்டால் வேலை போய்விடுமோ? கேட்காமல் போய்விடலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கு நடுவே பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

நம்மிடம் வந்து முறையிட்ட ஒரு தங்கையின் கதை இது. தகப்பனார் மரம் வெட்டுபவர். தங்கைக்கு ஈசூனில் ஓர் ஆலையில் ஸ்டோர் கிராணி வேலை. அண்ணனின் கல்யாணத் தேதி நேர்முகத் தேர்வுக்கு முன்பே குறிக்கப்பட்டது. "சொன்னால் வேலை தரமாட்டார்களோ" என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. சேர்ந்த மூன்றாம் வாரத்தில் கேட்டபோது, "மூன்று மாதம் ஆகாமல் லீவு கிடையாது" என்று மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணன் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? நான்கு நாள் போனார். திரும்பி வந்தபோது அவர் இடத்தில் இன்னொருவர் இருந்தார். வேலையோடு வேலை பெர்மிட்டும் போயிற்று. தகப்பனார் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இதுதான்: "என் பிள்ளை திருடவா செய்தது?"

திருடவில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போனதே அந்தக் குடும்பத்துக்கு வினையாயிற்று. ஆகவே சட்டத்தை முதலில் பார்ப்போம்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 1968இல் வந்தது. ஆரம்பத்தில் அதன் லீவு விதிகள் எல்லாருக்கும் பொருந்தவில்லை. 2019 ஏப்ரல் முதல் மேலாளர், அதிகாரி என்ற பேதமில்லாமல் பெரும்பாலான ஊழியர்களுக்கும் சம்பளத்துடன் கூடிய வருடாந்திர லீவு உண்டு. வீட்டு வேலை செய்வோரும், கப்பல் ஊழியரும், அரசாங்க ஊழியரும் மட்டும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். முதலாண்டில் 7 நாள். ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி, எட்டாம் ஆண்டு முதல் 14 நாள். இது சட்டம் வைத்த அடிமட்டம். முதலாளி இதைவிட அதிகம் தரலாம், குறைக்க முடியாது.

இந்த உரிமை எப்போது பிறக்கிறது? மூன்று மாத வேலை நிறைந்த பிறகு. அப்போதும் ஏழு நாளும் ஒரே தடவையில் கைக்கு வந்துவிடாது. வேலை செய்த மாதக் கணக்குக்கு ஏற்றபடிதான் வரும். மூன்று மாதத்துக்கு ஒன்றே முக்கால் நாள். அரை நாளும் அதற்கு மேலும் ஒரு நாளாகக் கொள்ளப்படுவதால் அது 2 நாள் ஆகிறது. ஆறு மாதத்துக்கு மூன்றரை. அது 4 நாள்.

இங்கேதான் ஒரு தப்பெண்ணம் புகுந்துகொள்கிறது. "மூன்று மாதம் ஆகாமல் லீவு கிடையாது" என்பது, கேட்டுப் பெறும் உரிமை இல்லை என்பதையே குறிக்கும். முதலாளி மனமுவந்து கொடுப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. சம்பளமில்லா லீவாகக் கொடுக்கலாம். பின்னால் சேரப்போகும் லீவிலிருந்து முன்கூட்டியும் கொடுக்கலாம். ஆக, இது உரிமையாகக் கேட்கும் இடமல்ல, ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளும் இடம். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால்தான் பேச வேண்டும். மாடு வாங்குகிறவன் சந்தையிலேயே பல்லைப் பிடித்துப் பார்ப்பான். வீட்டில் கட்டிய பிறகு பார்த்து என்ன பயன்?

ஆகவே நாம் சொல்லும் முறை இது. நேர்முகத்தில் "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கேட்காவிட்டால், "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் சொன்ன பிறகு, நாம் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சொல்ல வேண்டும். அதுவே சரியான வேளை. அவர்கள் பலரைப் பார்த்து, இவர்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். மூன்று நாளுக்காக மறுபடியும் ஆள் தேட யாருக்கும் எளிதில் மனம் வராது.

எப்படிச் சொல்வது? தலையைச் சொறிந்துகொண்டு கெஞ்ச வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "ஐயா, வேலையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். என் அண்ணன் கல்யாணம் முன்பே நிச்சயமாகிவிட்டது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நான்கு வேலைநாள் எனக்கு வேண்டும். சம்பளமில்லா லீவானாலும் சம்மதமே. இதை வேலைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துத் தந்தால் நல்லது." இவ்வளவுதான். தேதி, நாள் எண்ணிக்கை, காரணம், சம்பளம் பற்றிய சம்மதம் நான்கும் இதில் அடங்கிவிட்டன.

கடைசி வரி மிக முக்கியம். வாய்ச்சொல் காற்றோடு போகும். இன்று "சரி" என்ற மேலாளர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். பிறகு வருகிறவர் "எனக்குத் தெரியாது" என்பார். கடிதத்தில் எழுத மறுத்தால், "நேற்று நாம் பேசியபடி இன்ன தேதிகளில் எனக்கு லீவு உண்டு என்று புரிந்துகொண்டேன்" என்று நாமே ஒரு மின்னஞ்சலோ கைப்பேசிச் செய்தியோ அனுப்பி, வருகிற பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், வேலையின் முக்கிய நிபந்தனைகளை வேலை தொடங்கிய 14 நாளுக்குள் எழுத்து மூலம் தரவேண்டும் என்பது விதி. லீவு விவரமும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தோமா என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், பலர் விழிக்கிறார்கள்!

செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். மாதம் 2,600 வெள்ளி சம்பளம், அந்த மாதத்தில் 26 வேலைநாள் என்றால், 5 நாள் சம்பளமில்லா லீவுக்கு 500 வெள்ளி குறையும். கல்யாண மொய்யோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நலம். முன்கூட்டிய லீவாக எடுத்துவிட்டு, அது சேர்வதற்குள் வேலையை விட்டால், அந்த நாட்களின் பணத்தைக் கம்பெனி திரும்பக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, செய்யக்கூடாதவை இரண்டைச் சொல்வோம். ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் போவது. அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து 2 வேலைநாளுக்கு மேல் வராமல் இருந்தால், ஊழியரே ஒப்பந்தத்தை முறித்ததாகச் சட்டம் கொள்ளும். நமது தங்கையின் நான்கு நாள் இந்த வலையில்தான் விழுந்தது. பொது விடுமுறைக்கு முந்தின நாளோ மறுநாளோ காரணமின்றி வராமல் இருந்தால், அந்த விடுமுறைச் சம்பளமும் போய்விடும். தீபாவளிக்கு முதல் நாள் "மட்டம்" போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, பொய் எம்.சி. உடம்பு நன்றாக இருக்கும்போது நோய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதைச் சிலர் சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள். அது சாமர்த்தியமல்ல. கல்யாணப் படம் கைப்பேசியில் மறுநாளே ஊரெல்லாம் சுற்றி மேலாளர் கண்ணிலும் பட்டுவிடும். மேலும், ஒருவர் காட்டும் பொய்ச் சீட்டினால், உண்மையாகவே காய்ச்சலில் கிடக்கும் பத்துப் பேர் மீது சந்தேகம் விழுகிறது. நோய் லீவு என்பது போராடிப் பெற்ற பாதுகாப்பு. அதை விருந்துச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பது தோழர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நாம் கூறுவோம்.

சிறிது பழங்கதையையும் எண்ணிப் பார்ப்போம். ஒப்பந்தக் கூலியாக நம் முன்னோர் வந்த காலத்தில் லீவு என்ற சொல்லே கிடையாது. தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். அந்த ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அதன் பிறகும் ஊருக்குப் போவதென்றால், ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்து, 'ரஜூலா' கப்பலேறி நாகப்பட்டினமோ சென்னையோ போய், திரும்பி வரும்போது வேலை இருக்குமோ இருக்காதோ என்ற கவலையோடுதான் வந்தார்கள். சம்பளத்துடன் லீவு என்ற நியாயம் உலக அளவில் உருவானது 1936இல். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் அவ்வாண்டு செய்த உடன்படிக்கை, ஓராண்டு வேலைக்கு ஆறு வேலைநாள் என்று வைத்தது. தோட்டத் தொழிலாளருக்கென்றே 1958இல் தனி உடன்படிக்கை வந்தது. அதிலும் சம்பள லீவு இடம்பெற்றது. 1970இல் வந்த உடன்படிக்கை, லீவுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் ஆறு மாதத்துக்கு மேற்படக் கூடாது என்றது. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாளும், ஐந்தாண்டு வரை 12 நாளும், அதற்கு மேல் 16 நாளும் உண்டு. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கேட்டதனால் வந்தது. கேளாமல் வந்த நாள் ஒன்றும் இல்லை.

சமயம் சார்ந்த ஒரு விஷயமும் உண்டு. 1968இல் சிங்கப்பூரில் பொது விடுமுறை நாட்களைக் குறைத்தபோது, மற்றச் சமயத்தாரின் சில நாட்களோடு தைப்பூசமும் பட்டியலிலிருந்து நீங்கியது. பங்குனி உத்திரமும் விடுமுறையல்ல. ஈசூன் தொழிற்பேட்டையில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் அன்று காவடி எடுப்பவர்கள், அதே பேட்டையில் கூப்பிடு தூரத்தில் வேலை செய்தாலும் லீவு வாங்கித்தான் வர வேண்டும். இந்த நாட்கள் திடீரென்று வருவன அல்ல. பஞ்சாங்கத்தில் ஓராண்டு முன்பே தெரியும். வேலை ஏற்கும்போதே அந்த நாளையும் சொல்லி வைப்பதில் தவறு என்ன?

கிராணிமார்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று லீவுப் பாரத்தை வாங்கி வைக்கும் மேசைக்குப் பின்னால் உங்களில் பலர் இருக்கிறீர்கள். புதிதாக வந்த பிள்ளை தேதியோடு வந்து உண்மையைச் சொன்னால், "வந்ததும் வராததுமாக லீவா?" என்று சீறி விழாதீர்கள். முன்கூட்டிச் சொல்கிறவர் பொறுப்புள்ளவர். அவரை அதட்டி அனுப்பினால், அடுத்த தடவை அவர் பொய் எம்.சி.யோடு வருவார், அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர் நீங்களாகவே இருப்பீர்கள்! முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். நான்கு நாள் முடியாதென்றால் இரண்டு நாளாவது பாருங்கள்.

முதலாளிமார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை பழக்கும் முதல் வாரங்களில் ஆள் இல்லாவிட்டால் கஷ்டந்தான். அதற்கும் வழி உண்டு. தேதி மிக அருகில் இருந்தால், "கல்யாணம் முடிந்து வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று சேரும் நாளையே தள்ளிக் கேட்கலாம். இரு தரப்புக்கும் நட்டமில்லாத இந்த வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சங்கங்களும் சும்மா இருக்கலாகாது. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது, "வேலை ஏற்குமுன் எழுத்தில் தெரிவித்த லீவை, மூன்று மாதம் நிறையாவிட்டாலும் சம்பளமில்லா லீவாகவேனும் அனுமதிக்க வேண்டும்" என்ற ஒரு ஷரத்தைச் சேர்க்கக் கேட்க வேண்டும். முதலாளிக்கு இதனால் காசு செலவில்லை. தொழிலாளிக்கோ அண்ணன் கல்யாணமும் நிற்கும், வேலையும் நிற்கும்.

அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லி முடிக்கிறோம். உங்கள் பிள்ளை திருடவில்லை, ஐயா. பயந்தது, அவ்வளவே. அந்தப் பயத்தை அடுத்த பிள்ளைக்கு நாம் விட்டுவைக்கக் கூடாது. இந்த வாரம் உங்கள் லயத்தில் யாராவது புது வேலைக்குப் புறப்பட்டால், சோற்றுப் பொட்டலத்தோடு இந்த ஒரு சொல்லையும் கட்டிக் கொடுங்கள்: கையெழுத்துப் போடுமுன் கேள், தம்பி, கேட்டதை எழுதி வாங்கு, தங்கச்சி!