கழுத்து ஸ்கேன்: படத்தை நோயாளியும் பார்க்கட்டும்

வடக்கு ஸ்வீடனின் வெஸ்டர்போட்டன் பகுதியில், 40, 50, 60 வயதில் இருந்த 3,532 பேருக்குக் கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லோருக்கும் எடுத்தது ஒரே ஸ்கேன்தான். ஆனால், குலுக்கல் முறையில் பிரித்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் முடிவைப் படமாக வரைந்து தபாலில் அனுப்பினார்கள்.

அந்தப் படத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவருக்கு மட்டுமே புரிகிற எதுவும் இல்லை. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஓர் அளவுகோல், ஸ்கேன் எடுக்கப்பட்டவரின் ரத்தக் குழாயின் ‘வயது’ என்ன என்று காட்டியது. கொழுப்புப் படிவு இருந்தால் சிவப்பு வட்டம், இல்லையென்றால் பச்சை வட்டம். அதே படம் அவருடைய மருத்துவருக்கும் போனது. சில வாரங்களில் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, சந்தேகங்களைத் தீர்த்தார்.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, படம் கிடைத்தவர்களின் இதயநோய் அபாய மதிப்பெண் இறங்கியிருந்தது, கிடைக்காதவர்களுக்கோ ஏறியிருந்தது. கெட்ட கொழுப்பும் முதல் அணியினருக்கே அதிகமாகக் குறைந்திருந்தது. 2019-ல் ‘லான்செட்’ இதழில் அச்சான இந்த ஆய்வு, மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததா என்று அளக்கவில்லை. ஆனாலும், தன் உடம்புக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்தவர் அதைப் பொருட்படுத்துகிறார் என்பதற்கு இது வலுவான சான்று.

கழுத்தில் ஏன் பார்க்கிறார்கள்? மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, கழுத்தில் இரண்டாகக் கிளை பிரிகிறது. கொழுப்பு படிவதற்கு மிகவும் வாகான இடம் அந்தக் கவைதான். தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல், கொஞ்சம் ஜெல் தடவி ஒலி அலையாலேயே அதைப் பார்த்துவிடலாம். சுவரின் தடிப்பும் படிவும் திரையில் தெரியும். தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் போல, அடைப்புள்ள இடத்தில் ரத்தமும் விரைந்து ஓடும். டாப்ளர் கருவி அந்த வேகத்தை அளந்தே அடைப்பின் அளவைக் கணிக்கிறது.

அப்படியானால் எல்லோரும் இந்த ஸ்கேனை எடுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். அறிகுறி ஏதும் இல்லாதவர்களிடம் இந்த அடைப்பைத் தேடிப் பொதுவாகச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2021-ல் மீண்டும் அறிவுறுத்தியது. இல்லாத அடைப்பு இருப்பதாகத் தெரிந்தால், அடுத்தடுத்த சோதனைகள், சில நேரம் அறுவை சிகிச்சை என்று அது நீளும். அந்த அறுவை சிகிச்சையே பக்கவாதத்தைக் கொண்டுவந்துவிடவும் கூடும்.

அறிகுறி வந்தவர்களின் கதை வேறு. திடீரென்று வாய் கோணி, கை மரத்து, பேச்சுக் குழறி, சில நிமிடங்களில் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. இப்படிப்பட்ட எச்சரிக்கையோ சிறு பக்கவாதமோ வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் இருந்தவர்களை வட அமெரிக்க ஆய்வொன்று பின்தொடர்ந்தது. 1991-ல் வெளியான அதன் முடிவின்படி, மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அடைப்பு இருந்த பக்கத்திலேயே பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கே வந்தது. இவர்களுக்கு ஸ்கேன் உடனே வேண்டும்.

தேவைப்பட்டு எடுத்த ஸ்கேனாவது முழுப் பயன் தர வேண்டாமா? நம் ஊரில் டாப்ளர் அறிக்கை ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு உறைக்குள் போகிறது. கழுத்து யாருடையதோ, அவருக்கே அது புரிவதில்லை. சிவப்பும் பச்சையுமாக ஒரு பக்கப் படம், தமிழில் நாலு வரி விளக்கம்: இவை அறிக்கையோடு சேர்வதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அந்த வீட்டில் ஒருவருக்குக் கழுத்து ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தால், அந்தப் படத்தை விரித்துவைத்து, மாத்திரையை ஏன் விடக் கூடாது, பீடியை ஏன் விட வேண்டும் என்று அவர்கள் பேசலாம். சுகாதாரத் துறை இதை ஒரு மாவட்டத்திலாவது தொடங்கிப் பார்க்க வேண்டும்.