வீட்டுத்தோட்டம்: யூரியாவைக் குடிப்பது மரமா, மழையா?



கண்டியைச் சூழவுள்ள மலைச்சரிவுகளில் றம்புட்டான், ஆனைக்கொய்யா, டுரியான் போன்றவை வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் மரங்கள். மழை தொடங்கியதும் அடிமரத்தைச் சுற்றி யூரியாவை வீசிவிடுவது நம்மில் பலரது வழக்கம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிய பின்னரும் பழைய விலை திரும்பவில்லை. ஆகவே போடும் ஒவ்வொரு பிடியும் மரத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன் உண்டு. அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. நீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். மேற்பரப்பில் கிடக்கும் யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகக் காற்றோடும் கலந்துவிடும்.

இதனால்தான் வெளிநாட்டுப் பழத்தோட்டங்களில் ஈரப்பதன் உணரிகளை இரண்டு ஆழங்களில் புதைக்கிறார்கள். ஒன்று வேர் உள்ள இடத்தில், மற்றது அதற்குக் கீழே. மழைக்குப் பின் கீழேயுள்ள உணரி நனைந்தால், நீர் வேரைத் தாண்டிவிட்டது, பசளையும் அதோடு போயிருக்கும் என்று பொருள். மண்ணில் குத்தியதும் நைதரசன் அளவைக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மலிவான கருவிகளை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை மண்ணின் மின்கடத்துதிறனை அளந்து மற்றதை ஊகித்துச் சொல்பவை. மண் நனைந்தாலே அவற்றின் அளவீடு மாறிவிடும்.

கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழியுங்கள். நீர் கசிந்தால் அன்று பசளை வேண்டாம். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் ஏற்ற நேரம். கனமழை வரும் அறிகுறி இருந்தால் பொறுத்திருங்கள். மரத்துக்கு உரிய அளவைச் சில தவணைகளாகப் பிரித்து, கிளை நுனிகளுக்கு நேர்கீழே ஆழமில்லாத கானில் இட்டு, மண்ணாலும் சருகாலும் மூடுங்கள். முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் நைதரசன் குறைவாக இருக்கலாம். இலை கரும்பச்சையாகத் தழைத்து, காய் குறைந்தால் கூடிவிட்டதோ என்று பாருங்கள்.

இதில் பணம் மட்டுமல்ல, நமது கிணறும் அடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் பயிர்களுக்கு இட்ட பசளை கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மேட்டில் தோட்டமும் பள்ளத்தில் கிணறும் உள்ள வளவுகளில் நாமும் கவனமாக இருக்கவேண்டும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு கூடினால், அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

உங்கள் மரத்தின் வயதுக்கு எவ்வளவு பசளை, மண்ணை எங்கே பரிசோதிப்பது என்பவற்றை விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம். கேட்டறிந்த பின் பசளைப் பையைத் திறவுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.