எந்த நூலைக் கையில் எடுப்பது?

 

அண்மையில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். கணினிப் பட்டப்படிப்பை முடித்து ஓராண்டு ஆகிறது. 'ஜாவா' என்னும் நிரல்மொழியில் ஆரக்கிள் நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுத விரும்புகிறார்.

அவர் கையில் ஒரு பை இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த நூல்கள் மூன்று அதில் இருந்தன. கைப்பேசியில் பாதியில் நின்றுபோன காணொளிப் பாடங்கள் வேறு. இவையும் போதாவென்று, "தேர்வில் வரும் வினாக்கள் அப்படியே இருக்கின்றன" என்று கூறி ஒருவர் விலை பேசியிருந்த வினாத்தொகுப்பு ஒன்று.

"ஹஜ்ரத்! இவன் வாப்பா சவூதியிலிருந்து சிறுகச் சிறுக அனுப்பிய காசு. ஒரு தடவைதான் கட்ட முடியும். எதைப் படிக்கணும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அந்தத் தாய்.

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். நிரல் எழுத அறியாதவன். ஆயினும் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், ஒரு வாரம் தவணை கேட்டேன். தேர்வைப் பற்றிய அறிவிப்பைப் படித்தேன். மென்பொருள் துறையில் பணிபுரியும் என் மருமகனிடமும் கேட்டறிந்தேன். அந்தத் தாயாருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். இதே கவலை வேறு பல வீடுகளிலும் இருக்கக்கூடும்.

தேர்வுக்கு ஏற்ற நூல்

ஜாவா மொழியைச் சன் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. 2010இல் அந்நிறுவனம் ஆரக்கிளின் கைக்கு வந்தது. மொழி வளர வளரப் பதிப்புகளும் வளர்ந்தன. 8ஆம் பதிப்பு 2014இலும், 17ஆம் பதிப்பு 2021இலும், 21ஆம் பதிப்பு 2023இலும் வந்தன. இவற்றுக்கான தேர்வுகளும் வெவ்வேறு. 17ஆம் பதிப்பின் தேர்வுக்கு 1இசட்0-829 என்றும், 21ஆம் பதிப்பின் தேர்வுக்கு 1இசட்0-830 என்றும் எண் உண்டு.

நம் மாணவர் எழுத எண்ணியதோ 17ஆம் பதிப்பின் தேர்வு. பையில் இருந்த மூன்று நூல்களும் 8ஆம் பதிப்புக்கு உரியவை! 'டெக்ஸ்ட் பிளாக்' 15ஆம் பதிப்பிலும், 'ரெக்கார்டு' 16ஆம் பதிப்பிலும், 'சீல்டு கிளாஸ்' 17ஆம் பதிப்பிலும் மொழியில் நிலைபெற்றவை. 2014இல் எழுதப்பட்ட நூலில் இவற்றை எங்ஙனம் தேடுவது? நூல் மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்தார். தேர்வுக்குரிய நூல்தானா என்று பார்க்கவில்லை.

ஆதலின் நூலை வாங்குமுன், தேர்வை நடத்துவோரின் பாடத்திட்டத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நூலின் பொருளடக்கத்தை அதனோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும்.

கற்கும் நூலும் தேர்வு நூலும்

மத்ரஸாவில் முதலில் 'மத்ன்' என்னும் சுருக்கமான மூலநூலை ஓதுகிறோம். பிறகே 'ஷரஹ்' எனப்படும் விரிவுரைக்குச் செல்கிறோம். இலக்கணம் அறியாத பிள்ளையிடம் விரிவுரையைக் கொடுத்தால் நூலும் பாழ், பிள்ளையும் பாழ்.

நிரல்மொழிக்கும் இதுவே நியதி. ஜாவாவைப் புதிதாகக் கற்பவருக்கு ஒருவகை நூல் தேவை. ஓரளவு அறிந்து தேர்வுக்கு ஆயத்தமாகிறவருக்கு வேறுவகை நூல் தேவை. புதிதாகக் கற்பவருக்குக் காசின்றிக் கிடைப்பவையே பல உள்ளன. என்பிடெல் திட்டத்தில் கரக்பூர் ஐஐடியின் பேராசிரியர் தேபாசிஸ் சமந்தா நடத்திய ஜாவாப் பாடங்கள் அவற்றுள் ஒன்று. ஆரக்கிள் நிறுவனமே ஜாவாவுக்கென இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்துள்ளது.

தேர்வுக்கென்றால், ஜீன் போயார்ஸ்கி, ஸ்காட் செலிகாஃப் ஆகிய இருவரும் எழுதிய வழிகாட்டி நூலைப் பலரும் நாடுகின்றனர். 11, 17, 21 ஆகிய பதிப்புகளுக்குத் தனித்தனியே எழுதியிருக்கின்றனர். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வினாக்கள். நூலின் பிற்பகுதியில் விடைகளும் அவற்றுக்கான விளக்கமும். ஒரு கற்கும் நூல், ஒரு தேர்வு நூல்: இவை போதும். அவற்றை முழுமையாக முடிப்பதே பெரிது.

பார்ப்பது படிப்பாகாது

ஒலிநாடாவில் கிராஅத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருவர் ஹாஃபிழ் ஆகிவிடுவாரா? உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக் காட்ட வேண்டும்; பிழை திருத்தப்பட வேண்டும். காணொளிப் பாடங்களும் அவ்வாறே. பார்க்கும்போது எல்லாம் விளங்கியது போலிருக்கும். வினாத்தாள் முன் வந்ததும் மனம் வெறுமையாகும்.

இத்தேர்வில் ஒரு நிரலைக் காட்டி, "இதை இயக்கினால் என்ன வரும்?" என்பது போன்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: முழு எண்களாகிய 7ஐ 2ஆல் வகுத்து, விடையைத் தசம எண் வகையில் இட்டால் என்ன வரும்? நாம் 3.5 என்போம். ஜாவா தருவது 3.0. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கையில் பின்னத்தை விட்டுவிடுகிறது. அதன் பின்னரே தசமமாக மாற்றுகிறது.

மற்றொன்று: ஒரு பெயரைச் 'ஸ்ட்ரிங்' ஆக வைத்து, அதைப் பெரிய எழுத்தாக்குமாறு கட்டளையிட்டு, பின்பு அதே பெயரை அச்சிட்டால் பழைய சிறிய எழுத்தே வரும். ஸ்ட்ரிங் மாறாத் தன்மையது. மாற்றம் புதிய ஒன்றாகவே பிறக்கும். அதை எடுத்து வைக்காதவர் இழந்துவிடுகிறார்.

இத்தகைய நுட்பங்களைக் கை அறிய வேண்டும். விடையை முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகே கணினியில் இயக்கிப் பார்க்க வேண்டும். தவறியவற்றை ஒரு குறிப்பேட்டில் ஏன் தவறினோம் என்ற காரணத்தோடு பதிய வேண்டும். இதற்கான மென்பொருள் இலவசமே. ஒவ்வொரு வரியாக உடனுக்குடன் இயக்கிப் பார்க்க 'ஜேஷெல்' என்னும் கருவி 2017இல் வந்த 9ஆம் பதிப்பு முதல் உடன் வருகிறது. எந்த நூல் பயிற்சிக்கு நம்மை உட்கார வைக்கிறதோ, அதுவே நல்ல நூல்.

அந்த வினாத்தொகுப்பு

பையில் இருந்தவற்றுள் என்னை வருத்தியது இதுவே. தேர்வு எழுதுவோர் வினாக்களை வெளியிடமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பின்னரே எழுதுகின்றனர். அதை மீறி வெளியேறியவற்றை விற்பதும் வாங்குவதும் அமானித மோசடி அன்றி வேறென்ன? கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழே பறிக்கப்படும். அவற்றில் தவறான விடைகளும் மலிந்துள்ளன என்கிறார் மருமகன். கண்டுபிடிக்கப்படாமலே வேலை கிடைத்தாலும், முதல் வாரத்தில் ஒரு நிரலை எழுதச் சொன்னால் அப்பிள்ளை என்ன செய்யும்? முறையான மாதிரித் தேர்வு வேறு, இது வேறு. மாதிரித் தேர்வு, விடை ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்று கற்பிக்கும்.

கணினி அறியாத பெற்றோருக்கு

அந்தத் தாயாரிடம் கூறினேன்: "லாத்தா! இப்போது காசைக் கட்ட வேண்டாம். தம்பியிடம் வாரந்தோறும் மூன்றே கேள்விகள் கேளுங்கள். பாடத்திட்டத்தில் எத்தனை தலைப்புகள் முடிந்தன? இந்த வாரம் உன் கையால் எத்தனை நிரல் எழுதினாய்? குறிப்பேட்டில் எத்தனை தவறுகள் பதிந்தாய்?"

17ஆம் பதிப்பின் தேர்வுக்கு அறிவிக்கப்பட்டது 90 நிமிடங்களில் 50 வினாக்கள். தேர்ச்சிக்கு 68 விழுக்காடு. ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடங்கூட இல்லை. ஆகவே கடிகாரத்தை முன்வைத்து மாதிரித் தேர்வுகள் எழுதி, தொடர்ந்து 80 விழுக்காடு பெறும் நாளில், நடப்பு விதிகளை மீண்டும் ஒருமுறை பார்த்துக் கட்டணத்தைக் கட்டலாம்.

மாணவர் வினாத்தொகுப்பு வேண்டாமென்று என் முன்னிலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டார். நூல்களுள் இரண்டை வந்த கடைக்கே திருப்பிவிட்டார். எஞ்சிய ஒன்றை, அடிப்படைகளுக்காக வைத்துக்கொண்டார். போகும்போது பை இலேசாக இருந்தது. அந்தத் தாயின் முகமும் அவ்வாறே. இன்னும் தேர்வு எழுதவில்லை. வாரந்தோறும் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டுகிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு விளங்குவதில்லை. பக்கங்கள் நிரம்பி வருவது மட்டும் விளங்குகிறது.

வஸ்ஸலாம்.