தராசைத் தொடக் கூச்சம் எதற்கு?

வெண்டைக்காய் வாங்க வரும் பெண்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். பட்டென்று ஒடிந்தால் பையை நீட்டுகிறார்கள். வளைந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். திருத்தணி உழவர் சந்தையில் காலையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். விற்பனையைப் பற்றிய பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி நம் மனதில் இருக்கிறது.

மனம் வைத்தால் எல்லாம் முடியும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மனம் வைத்தால் வற்றிய கிணறு ஊறிவிடாது. வெள்ளை ஈ ஓடிவிடாது. ஆனால் விற்பனை என்று வரும்போது, வெளியில் இருக்கும் தடையைவிட நாமே போட்டுக்கொண்ட தடை பெரிதாக இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

"விளைவிப்பது என் வேலை, விற்பது வியாபாரி வேலை" என்று சொல்லாத விவசாயி நம்மில் குறைவு. மூட்டையைக் கட்டி வண்டியில் ஏற்றியதும் நம் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். பிறகு மண்டிச் சீட்டு வருகிறது. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போக மிஞ்சியதைப் பார்த்து மண்டிக்காரரைத் திட்டுகிறோம். விலை பேசும் இடத்தில் நாம் இல்லவே இல்லை. அப்புறம் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இதற்கு அடியில் இருப்பது கூச்சம். நாலு ஏக்கர் வைத்திருப்பவர் தரையில் சாக்கு விரித்துத் தராசு பிடித்தால் ஊரில் என்ன பேசுவார்கள், சம்பந்தி வீட்டார் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற கூச்சம். அதனால் வீட்டுப் பெண்களை அனுப்புகிறோம். (அவர்களுக்கு மட்டும் கௌரவம் இல்லையா என்று கேட்காதீர்கள். என் வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.)

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும். நூறு வயதைத் தாண்டியும் வயலுக்குப் போனவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது படம் வராத பத்திரிகை இல்லை. அவர் பாட்டியிடமிருந்து வந்த சிறிய கடையை நடத்தி, அதில் சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கியவர். நாம் நிலத்திலிருந்து கடைக்குப் போகத் தயங்குகிறோம். அவர் கடையிலிருந்து நிலத்துக்கு வந்தார்.

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. விதிமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். நிலத்துக்கான ஆவணத்தைக் காட்டிப் புகைப்பட அட்டை வாங்க வேண்டும். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். மொத்த விலையைவிடக் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அதாவது பேரம் பேசத் தெரியாதவர்களும் அங்கே விற்கலாம்.

அட்டை வாங்கியும் பலர் ஏன் நிலைக்கவில்லை? மண்டியில் விலை விழுந்த நாளில் மட்டும் சந்தைக்கு வருவதும், மண்டியில் விலை ஏறிய வாரத்தில் தலைகாட்டாமல் இருப்பதும்தான் காரணம். வாங்குகிறவர்களுக்கு நம் பெயர் தெரியாது. எந்த இடத்தில் உட்கார்கிறோம் என்பது மட்டும் தெரியும். மூன்று முறை வந்து பார்த்து ஆள் இல்லை என்றால், நாலாவது முறை அந்தப் பக்கமே வரமாட்டார்கள். மலைக்கு ஏறும் படி 365 என்று கணக்குச் சொல்கிறோமே, சந்தைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு உணவு விடுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 15 கிலோ வெண்டைக்காய் கொடுப்பதாகப் பேசியிருந்தேன். விதைத்த 45 நாளில் காய் வந்தது, ஆரம்பம் நன்றாகவே போயிற்று. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு பறிப்பு தவறிவிட்டது. வெண்டையில் ஒரு பறிப்பு தவறினால் காய் நார் கட்டிவிடும் என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் முற்றலை அடியில் போட்டு, பிஞ்சை மேலே பரப்பி அனுப்பினேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பணமும் கொடுத்துவிட்டார். அடுத்த முறை பையோடு போனபோது, "வேற ஆள் பார்த்துக்கிட்டோம்ணே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

முற்றல் மொத்தம் நாலைந்து கிலோ இருந்திருக்கும். அதைக் காப்பாற்றப் போய் ஒரு சீசன் முழுவதற்குமான வாடிக்கையை விட்டேன். "இன்றைக்குப் பத்து கிலோதான் தேறும், மீதி முற்றிவிட்டது" என்று காலையில் ஒரு போன் பேசியிருந்தால் போதும். அந்த போனைப் பேச விடாமல் தடுத்தது எது என்று இன்றுவரை யோசிக்கிறேன். எப்படியும் அடுத்த மூட்டை வேறு யாருக்கோ போகும் என்ற பழைய மண்டிப் பழக்கம்தான் என்று தோன்றுகிறது. மண்டியில் என் காய்க்கு முகம் கிடையாது. இங்கே உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முழு மகசூலையும் நேரில் விற்க எல்லோராலும் முடியாது. ஒரு ஆள் காலையில் உட்கார்ந்து விற்கும் காய்க்கு ஓர் அளவு இருக்கிறது, அந்த நேரத்தில் வயலில் இன்னொரு ஆள் வேண்டும். அதனால் மண்டியை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு பங்கை, தினமும் தவறாமல் கொண்டுவரக்கூடிய ஒரு சிறு பங்கை மட்டும், உங்கள் கையால் விற்றுப் பாருங்கள். எந்தக் காய் எந்தக் கிழமையில் சீக்கிரம் தீர்ந்தது, எது மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த பட்டத்துக்கு என்ன விதைப்பது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

கூட்டாக விற்பதற்கும் இதே சோதனை உண்டு. 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசின் திட்டம் 2020-ல் வந்தது. நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டு உதவி உண்டு. ஆனால் வெளி வியாபாரி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்த அன்று உறுப்பினர்கள் சரக்கை அங்கே கொட்டிவிட்டால், நிறுவனம் யாரை நம்பி ஆர்டர் எடுக்கும்? குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-ல் பால்காரர்கள் தனியார் நிறுவனத்துக்குப் பால் ஊற்ற மறுத்துப் பதினைந்து நாள் நின்றார்கள். பின்னாளில் அமுல் என்று பெயர் எடுத்தது அந்தக் கூட்டுறவுதான். கறந்த பால் மறுநாளைக்கு நிற்காது. அப்படி இருந்தும் நின்றார்கள்.

களப்பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற பட்டியல் மேலே போகிறது. பயிற்சி முடிந்த மறுவாரம் எத்தனை பேர் சந்தைக்குப் போனார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. முதல் நாள் சந்தைக்கு வரும் விவசாயியோடு அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கூச்சம் பாதி அன்றைக்கே போய்விடும். இந்த வேலையில் பெயர் எடுத்தவர்கள் எல்லாம் விவசாயி போன் செய்தால் எடுப்பவர்கள், எடுக்க முடியாவிட்டால் திருப்பிக் கூப்பிடுபவர்கள்.

நம் ஊருக்கு வேறு ஊர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. மாதந்தோறும் கிருத்திகைக்குக் கூட்டம் வருகிறது, ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு ஊரே நிறைகிறது. ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், அவர்களிடம் தெலுங்கில் விலை சொல்ல நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாள் எப்போது வரும் என்பதைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. செண்டுமல்லி நட்ட 60 நாளில் பூக்கும், அதற்கு முன் நாற்றங்காலில் ஒரு மாதம். ஆடிக் கிருத்திகையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சித்திரையில் விதை விட வேண்டும். அதற்கும் முன்னால், பங்குனியிலேயே, அடிவாரத்துப் பூக்கடைக்காரர்களிடம் போய் எத்தனை கிலோ வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டை எடுத்துப் போக மறக்காதீர்கள்.