மாற்றுச் சான்றிதழ் சொல்லாதவை

தமிழகத்தில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. தில்லியில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. பணியிட மாறுதல் பெற்று மே மாத இறுதியில் தலைநகருக்குக் குடிபெயரும் மத்திய அரசு ஊழியரின் குழந்தை, கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் வகுப்பறைக்குள் நுழையும்போது, ஒரு மாதத்துக்கும் மேலான பாடம் நடந்து முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய தடை ஹிந்தி. 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழகத்தின் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்கு அதன் எழுத்துகூடத் தெரிந்திருக்காது. மும்மொழிக் கொள்கையை முன்வைத்து 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் அமளியில் மூழ்கியது. அந்த அமளியில் இத்தகைய மாணவரின் சங்கடத்துக்கு இடமில்லாமல் போனது.

ஜனக்புரிக்கு இது புதிதல்ல. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நடத்திவரும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்குள்ளது. 1923-ல் தோன்றிய அக்கழகத்தின் வரலாறே இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் வரலாறுதான். கோடைக்குச் சிம்லா, குளிருக்குத் தில்லி என்று அன்றைய ஆங்கிலேய அரசு ஆண்டுதோறும் மூட்டை கட்டிய காலம் அது. நூறாண்டு கடந்த பின்னரும், ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்குக் குழந்தையுடன் செல்வது ஒரு தாள்தான். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் ஐந்தாவது பிரிவு அந்தத் தாளை உடனடியாக வழங்க வேண்டும் என்கிறது. அது தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால், அந்தக் குழந்தைக்கு எது வரும், எது வராது, எதற்கு அஞ்சும் என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை. அதை அறிந்தவர் பழைய ஆசிரியர். அவரும் புதிய ஆசிரியரும் பேசிக்கொள்வதே இல்லை.

ஊர் மாறாத குழந்தைக்கும் இதே நிலைதான். தில்லியில் மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்புடன் முடிகின்றன. ஆறாம் வகுப்புக்கு மாநில அரசின் கல்வித் துறைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். இரண்டும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தாலும் நிர்வாகம் வேறு, அதிகாரிகள் வேறு. 2016-ல் தில்லி அரசு சோதித்தபோது, ஆறாம் வகுப்பு மாணவர்களில் பெரும் பகுதியினரால் தங்களது ஹிந்திப் பாடநூலையே வாசிக்க இயலவில்லை என்பது தெரியவந்தது. ஆறாம் வகுப்பு ஆசிரியர் மாநகராட்சியைக் குறை கூறுவதும், மாநகராட்சி ஆசிரியர் வறுமையைக் காரணம் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குச் செல்வோர் 92.2 சதவீதம், எட்டிலிருந்து ஒன்பதுக்குச் செல்வோர் 86.6 சதவீதம். படிக்கட்டு ஏற ஏற உதிர்பவர்கள் கூடுகின்றனர்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. 2017-ல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளமும், 2020 அக்டோபர் முதல் அதன் வழியே இணையத்தில் நடந்த 'நிஷ்டா' பயிற்சியும் லட்சக்கணக்கான ஆசிரியர்களைச் சென்றடைந்தன. காணொலியைப் பார்த்து, வினாக்களுக்கு விடை குறித்து, சான்றிதழைப் பதிவிறக்கம் செய்வதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. இணையத்தின் உண்மையான பலம் தொலைவில் உள்ள இருவரைப் பேசவைப்பது. அது இங்கே பயன்படவேயில்லை.

ஐரோப்பாவில் 2005 முதல் 'இ-ட்வின்னிங்' என்ற பெயரில் வெவ்வேறு நாட்டுப் பள்ளிகள் இணையவழி இணைந்து பாடத் திட்டப் பணிகளைச் செய்து வருகின்றன. பின்னர் அது ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நமக்கும் இந்தச் சிந்தனை அன்னியமானதல்ல. அருகருகே உள்ள பள்ளிகளைத் தொகுப்பாக்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே பரிந்துரைத்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை அதை மீண்டும் எடுத்துக்கொண்டதுடன், ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்றும் கூறுகிறது. அதில் பத்து மணி நேரத்தை, மாணவர்களை அனுப்பும் பள்ளியும் பெறும் பள்ளியும் சேர்ந்து நடத்தும் இணையச் சந்திப்புக்கு ஒதுக்குவதில் என்ன தடை? பி.எட். மாணவர்களின் 20 வாரப் பள்ளிப் பயிற்சியிலும் இதைச் சேர்க்கலாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் ஒரே மாணவரின் நோட்டைப் பார்த்து விவாதிப்பதை நேரில் காணும் பயிற்சி மாணவர், அதை எந்தப் பாடநூலிலும் படிக்க முடியாது.

2025 ஜூன் முதல் தேதி ஜங்புராவின் மதராஸி முகாம் இடிக்கப்பட்டது. மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவர்களாக அறிவிக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் கல்வி ஒரே நாளில் கேள்விக்குறியானது. பேருந்தில் பல மணி நேரம் பயணிப்பதா, புதிய பள்ளியில் தமிழை இழப்பதா என்ற தேர்வு அவர்கள்மீது சுமத்தப்பட்டது. இணையவழிச் சந்திப்பு வீட்டைத் திருப்பித் தராதுதான். ஆயினும் நரேலா ஆசிரியரிடம் லோதி எஸ்டேட் ஆசிரியர் அரை மணி நேரம் பேசியிருந்தால், அந்தக் குழந்தை அங்கே முற்றிலும் அன்னியராக நுழைந்திருக்காது.

இடர்கள் உண்டு. 2024-25 கணக்குப்படி நாட்டில் 63.5 சதவீதப் பள்ளிகளில்தான் இணைய வசதி உள்ளது. தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று ஆசிரியர்கள் ஏற்கெனவே அலைக்கழிக்கப்படுகின்றனர். இதையும் கூடுதல் சுமையாக்கினால் அதுவும் ஒரு சடங்காகவே முடியும். ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் தகவல், குழந்தை வந்துசேரும் முன்பே அதன் நெற்றியில் குத்தப்படும் 'மந்தம்' என்ற முத்திரையாகிவிடவும் கூடாது. பேச வேண்டியது குழந்தையின் மதிப்பெண்ணைப் பற்றியல்ல, அதற்குக் கற்பிக்க வேண்டிய முறையைப் பற்றி.

தொடங்க வசதியான இடம் ஜனக்புரிதான். இங்குள்ள தமிழ்ப் பள்ளியும், அதன் ஆறு சகோதரப் பள்ளிகளும், தமிழகத்தில் சில அரசுப் பள்ளிகளும் இணைய, இரு மாநிலங்களின் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் ஒப்புதலும் சில கணினிகளும் போதும். மாநகராட்சியும் தில்லி கல்வித் துறையும் ஒரே மேசையில் அமர்வதுதான் கடினம். அடுத்த ஆறாம் வகுப்புச் சேர்க்கை ஏப்ரலில் தொடங்கும். இரு தரப்பு ஆசிரியர்களின் முதல் சந்திப்பு, தேர்வுக்கு முந்தைய ஜனவரியிலாவது நடந்தாக வேண்டும்.