பட்டு விலையோடு முடிகிறதா?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் போன மாதம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூத்த மகள் கல்யாணக் கணக்கு. “முகூர்த்தப் பட்டுக்கு 22,000 ஒதுக்கினோம் சார். அதுக்குள்ளயே முடிச்சிட்டோம்” என்றார். ஆனாலும் கடன்பட்டிருந்தார். ஏன்?

ஜாக்கெட் என்ற வரியைப் பாருங்கள். 2,500 என்று எழுதி, அடித்து, 4,000 ஆக்கி, அதையும் அடித்து 6,500 என்று இருந்தது. ஆரி வொர்க்! தையல் கூலி தனியாக 1,200. ஃபால்ஸும் குஞ்சமும் 350. சேலை மடித்து அயர்ன் செய்ய 500. வாடகை நகை செட் 3,000. காஞ்சிபுரம் போய்வர வேன், சாப்பாடு 7,500. கூட வந்த நாத்தனாரையும் சித்தியையும் வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அவர்களுக்கு இரண்டு சேலை 4,800. ஆக, மேல்செலவு மட்டும் 23,850. பட்டின் விலையையே தாண்டிவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையா? நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இப்படித்தான் நடக்கிறது!

கடைக்குப் போகுமுன் மொத்தத் தொகையை எழுதுங்கள். மேல்செலவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குச் சேலை பாருங்கள். பட்டெடுக்க இருபது பேர் வேண்டாம், நாலு பேர் போதும். ஆரி வேலையைக் கை, கழுத்தோடு நிறுத்திக்கொண்டால் கூலி குறையும். ஜாக்கெட்டில் உள்தையலுக்குக் கொஞ்சம் துணி விடச் சொன்னால் குழந்தை பிறந்த பிறகும் பிரித்துப் போடலாம்.

சேலையில் சில்க் மார்க் இருக்கிறதா பாருங்கள். ஆனால் அது பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. அசல் ஜரிகை என்று சொல்லி விற்றால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நம் பணம்.

வரியும் உண்டு. பட்டுச் சேலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ரிசப்ஷனுக்கு ரெடிமேட் லெஹங்கா எடுத்தால் 2,500 ரூபாய்க்கு மேல் 2025 செப்டம்பர் முதல் 18 சதவீதம். ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் உடுத்தும் உடுப்பு, வாடகைக்கு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கல்யாணம் ஒரு வருடம் தள்ளி இருந்தால் கோ-ஆப்டெக்ஸின் ‘கனவு நனவு’ சேமிப்புத் திட்டத்தை விசாரியுங்கள். மாதாமாதம் நாம் கட்டிவர, கடைசித் தவணையை அவர்களே கட்டுகிறார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையும் மறக்காதீர்கள். நம் கும்மிடிப்பூண்டி ரயிலிலேயே போய்விடலாம், உறவுக்காரர்களுக்கு எடுக்கும் துணிக்கு அதுவே தாராளம்.

நோட்டை மூடப் போனவரின் கையிலிருந்து வாங்கி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இளைய மகளின் பெயர். மேலே, மொத்தம் 35,000. வேன் என்ற வரி இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியில், சேலை 18,000.