பூங்காவை வரையும் முன் எங்களையும் கேளுங்கள்

காலிமுகத்திடலில் பட்டம் விட்டு, இறால் வடை சாப்பிட்டு, கடற்காற்று வாங்கி வராத கொழும்புப் பிள்ளையைக் காண்பது அரிது. ஆனால் அங்கே நாட்டப்பட்டிருக்கும் ஒரு பழைய கல்லை நின்று வாசித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடக்கி வைத்து, 1859இல் நிறைவு பெற்ற நடைபாதை அது என்றும், கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதைப் பேணுமாறு தமக்குப் பின் வரும் ஆளுநர்களை அவர் கேட்டுக்கொள்கிறார் என்றும் அந்தக் கல் சொல்கிறது.

அந்தப் பெண்களுக்கு என்ன விருப்பம் என்று எவராவது கேட்டார்களா என்பது கல்லில் இல்லை. அது காலனித்துவக் காலம். மக்களைக் கேட்டுச் செய்வது அன்றைய ஆட்சியின் வழக்கமும் அல்ல. ஆனால் 1931 முதல் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கிறது. அப்படியிருந்தும் பூங்கா அமைக்கும் விதம் பெரிதாக மாறியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வெறும் வளவைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள். சில மாதங்கள் கழித்துத் தகரத்தைக் கழற்றும்போது உள்ளே நடைபாதை, ஊஞ்சல், வாங்கு எல்லாம் தயாராக இருக்கும். நாடா வெட்டும் நாளில்தான் அயலில் இருப்பவர்களுக்கே அங்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிய வருகிறது.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு பொது வெளியை வடிவமைக்கும் முன் அதை யார் பயன்படுத்துவார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. யார் அதிலிருந்து ஒதுங்கிப் போகிறார்கள் என்றும் பார்த்து, அவர்களிடமே காரணம் கேட்க வேண்டும். நமது நகரத்தில் அப்படி ஒதுங்கிப் போகிறவர்களில் என் வயதுப் பெண்பிள்ளைகளும் நமது தாய்மாரும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறது. கடல் கூப்பிடு தூரம்தான். மரைன் டிரைவைக் கடந்து ரயில் பாதையையும் தாண்டினால் அலை வந்து காலை நனைக்கும். சிறு வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னேரங்களில் அங்கே போவேன். இப்போது எனக்கு 17 வயது. கூட்டாளிகளுடன் ஒரு திறந்த வெளியில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து கதைத்தது எப்போது என்று யோசித்தால் பெருநாள் தினங்கள் மட்டுமே ஞாபகத்துக்கு வருகின்றன. அதுவும் குடும்பத்தோடு போனவை.

கொட்டாஞ்சேனையில் என் சாச்சி வீடு இருக்கும் ஒழுங்கையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பின்னேரம் நாலரை மணியானால் பையன்கள் அந்த ஒழுங்கையையே கிரிக்கெட் மைதானமாக்கி விடுவார்கள். சின்னப் பெண்பிள்ளைகளும் ஓடிப்போய்ப் பந்து பொறுக்குவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதானதும் அவர்கள் வாசற்படிக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு ஜன்னலுக்கு. ஒருவரும் போகக் கூடாது என்று சட்டம் போட்டதில்லை. அவர்களுக்குரிய இடம் தானாகவே சுருங்கிவிடுகிறது.

இது பிள்ளைகளோடு நிற்பதும் இல்லை. என் உம்மாவுக்குச் சீனி வருத்தம். தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். உம்மாவும் நடக்கிறார், மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிகளுக்கும் உடுப்புக் காயும் கொடிகளுக்கும் நடுவில். கீழே இறங்கி நடக்கலாமே என்றால், "தெரு முழுக்க வாகனம், உட்காரவும் இடமில்லை, யாரோடு போவது?" என்று கேட்கிறார். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை பூங்கா அமைப்பவர்களுக்கு இருக்கிறது.

நம் நாட்டுக்கும் நமது சமூகத்துக்கும் மட்டும் உரிய பிரச்சினை இதென்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில், ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், 1990களின் நடுப்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. பூங்காவுக்கு வரும் பெண்பிள்ளைகளின் தொகை ஒன்பது வயதுக்குப் பின் சட்டென்று குறைகிறது, பையன்களின் தொகை அப்படிக் குறைவதில்லை என்று அதில் தெரிய வந்தது. இடத்துக்காகப் பையன்களோடு போட்டியிட்டு நிற்பதை விட விலகிப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு எளிதாக இருந்தது. உடனே நகர நிர்வாகம் பெண்பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, பூங்காவைத் திருத்தியது. மார்கரெட்டன் என்ற பகுதியில் இரண்டு பூங்காக்களை 1999இல் மாற்றியமைத்தார்கள். நடைபாதைகளைக் கூட்டினார்கள். கரப்பந்தாட்டம், பூப்பந்தாட்டம் போன்றவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஒரே பெரிய வெளியாகக் கிடந்ததைச் செடி கொடிகளால் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அதற்காகப் பையன்களை வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை.

வியன்னாவின் விடையை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவர வேண்டியது அவர்கள் கேட்ட கேள்வியைத்தான். அதே கேள்வியை எங்கள் வகுப்பில் நான் கேட்டுப் பார்த்தேன். எவரும் பெரிய நீரூற்றோ வண்ண விளக்கோ கேட்கவில்லை. கதவு பூட்டக்கூடிய, தண்ணீர் வரும், சுத்தமான மலசலகூடம் வேண்டும் என்றார்கள். நாலைந்து பேர் முகம் பார்த்துக் கதைக்கக்கூடிய இருக்கைகள் வேண்டும் என்றார்கள். ஒரே வரிசையில் போட்ட நீள வாங்குகளில் அது முடியாது. மஃரிபுக்கு முன் வீடு திரும்ப வேண்டியவர்கள் நாங்கள். ரியூஷன் முடிந்து வரும்போது எங்களுக்கு மிஞ்சுவது ஒரு மணித்தியாலம் கூட இல்லை. ஆகவே தூரத்தில் இருக்கும் பெரிய பூங்காவை விட, நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு சிறிய நிழலிடம் எங்களுக்குப் பெரிது. பஸ் தரிப்பிடத்திலிருந்து அங்கு போகும் பாதையில் வெளிச்சம் வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். வரைபடம் வரைகிறவர் பூங்காவின் எல்லையோடு நிறுத்திக்கொள்வார். அவளோ வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுகிறாள்.

மக்களைக் கேட்டுத் திட்டமிடுவது நமக்குப் புதிதும் அல்ல. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நகரத் திட்ட அறிஞர் பற்றிக் கெடிஸ் 1915இல் தஞ்சாவூர், மதுரை போன்ற தமிழ் நகரங்களின் தெருக்களை நடந்து பார்த்து ஆலோசனை சொன்னவர். முதலில் ஊரை ஆராய வேண்டும், பிறகுதான் திட்டம் போட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நெருக்கமான குடியிருப்புகளை இடித்துத் தள்ளி அகலப் பாதை போடுவதை அவர் விரும்பவில்லை. பாழடைந்த ஓரிரு கட்டடங்களை மட்டும் அகற்றி, அந்த இடங்களை மரநிழலுள்ள சிறு வெளிகளாக்கலாம் என்றார். அதே கெடிஸ்தான் 1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையையும் எழுதினார். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்கு இந்த முறை இன்றும் பொருந்தும்.

அதைவிட நெருக்கமான உதாரணமும் கொழும்பிலேயே இருக்கிறது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் கீழ், தேசிய வீடமைப்பு அதிகார சபை கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்த குறைந்த வருமானக் குடும்பங்களை ஒன்றுகூட்டிப் பட்டறைகள் நடத்தியது. நடைபாதை எங்கே போக வேண்டும், தண்ணீர்க் குழாய் எங்கே வர வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்பதை அதிகாரிகளோடு உட்கார்ந்து அங்கு வாழ்ந்தவர்களே பேசி முடிவு செய்தார்கள். சிறிய கட்டுமான வேலைகளை வெளியாருக்குக் கொடுக்காமல் அவர்களுடைய சமூக அபிவிருத்தி மன்றங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்த முறையும் அப்போது வளர்ந்தது. வெளிநாட்டு அறிஞர்கள் இதைப் படித்து எழுதினார்கள். கிணற்றுக்கும் வடிகாலுக்கும் மக்களைக் கேட்க முடிந்த நகரத்துக்கு, ஒரு பூங்காவுக்காகக் கேட்பது கஷ்டமாக இருக்காது.

"பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கருத்து வரும், வேலை நடக்காது" என்று சிலர் சொல்வார்கள். கருத்து வேறுபாடு வரும் என்பது உண்மை. முதியவர் அமைதி கேட்பார். பையன் பந்தடிக்க இடம் கேட்பான். கடலை வண்டிக்காரர் வியாபாரத்துக்கு மூலை கேட்பார். கேட்காமல் கட்டினால் இந்த வேறுபாடு மறைந்துவிடுவதில்லை. கட்டி முடிந்த பிறகு உடைந்த வாங்காகவும், பூட்டிக் கிடக்கும் கதவாகவும், ஆளில்லாத புல்வெளியாகவும் அது வெளியே வரும். பென்சிலால் வரைந்ததை அழிப்பது சுலபம். சீமெந்தை உடைப்பதற்குக் காசு வேண்டும்.

"இடம் எங்கே இருக்கிறது?" என்றும் கேட்கலாம். 37 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மாநகரத்தில், 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். நெருக்கடி உண்மைதான். அதனால்தான் இருக்கிற துண்டு நிலத்தையாவது சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன். கால்வாய்க் கரையில் ஒரு நிழல், கடற்கரைப் பாதையோரம் ஐந்தாறு இருக்கைகள், மாலையில் சும்மா கிடக்கும் ஒரு வாகனத் தரிப்பிடம் என்று இவை எங்கெங்கே இருக்கின்றன என்பது அந்தந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பெண்களுக்கென்று மதில் கட்டிய தனிப் பூங்கா கேட்கலாம் என்று என் கூட்டாளிகள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். விளையாடுவதற்குச் சில நேரங்களைப் பெண்களுக்கு ஒதுக்கினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உயர்ந்த மதிலுக்குள்ளே என்ன நடந்தாலும் தெருவில் போகிறவருக்குத் தெரியாது. மதில் கட்டிக் கொடுத்துவிட்டால், மற்றைய பூங்காக்கள் எல்லாம் எங்களுக்குரியவை அல்ல என்றும் ஆகிவிடும். வாப்பாவோடும் தம்பியோடும் சேர்ந்து போகிற இடமும் எங்களுக்கு வேண்டும். நமது நகரில் முஸ்லிம், தமிழ், சிங்களத் தாய்மார் ஒரே வாங்கில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் அதிகம் இல்லை. அப்படி ஓர் இடத்தைச் சேர்ந்து திட்டமிடும் கூட்டமே அவர்களை அறிமுகப்படுத்தி வைக்கும்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது அன்பினால் வருவது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் வெறிச்சோடிய இடம்தான் பயம் தரும். தாய்மாரும் வாப்பும்மாக்களும் பிள்ளைகளும் நிறைந்திருக்கும் இடத்தில் பயம் குறையும். எல்லோரும் வீட்டுக்குள் இருந்துகொண்டால் அந்த இடம் என்றைக்கும் வெறிச்சோடியே கிடக்கும்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. புதிய பூங்கா அமைக்கும் முன், அந்த வட்டாரத்தில் பெண்கள் வரக்கூடிய நேரத்தில், ஒரு பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைக்க வேண்டும். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். அதிகாரிகள் அந்த இடத்தைக் காலை பத்து மணிக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், பின்னேரம் ஐந்து மணிக்கும் இருட்டிய பிறகும் பெண்களோடு நடந்து பார்க்க வேண்டும். சீமெந்து போடுவதற்கு முன் பிளாஸ்டிக் கதிரைகளை வைத்து, சுண்ணாம்பால் கோடு கீறி, ஒரு மாதம் பரீட்சித்துப் பார்க்கலாம். திறந்து ஒரு வருடம் கழித்து யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணும் வேலையை எங்களைப் போன்ற மாணவிகளிடமே தரலாம். புவியியல் செயற்றிட்டமாகவே செய்து கொடுப்போம்.

கேட்பதற்கு வழிகளும் இருக்கின்றன. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் முதல் சபைகளில் 25 சதவீத இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாண்டே கொழும்பு மாநகர சபைக்கு முதன்முறையாக ஒரு பெண், ரோஸி சேனாநாயக்க, மேயராகத் தெரிவானார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நமது வட்டாரத்தில் என்ன கட்டப் போகிறார்கள் என்று எழுத்தில் கேட்க முடியும். நாடா வெட்டும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் வகுப்புத் தோழிகளில் பலருக்கு அடுத்த வருடம் வாக்குரிமை வயது வந்துவிடும். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் வடிகாலைப் பற்றிக் கேட்பது போல, உட்கார ஒரு நிழலிடத்தைப் பற்றியும் கேட்போம்.

அதுவரை பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் பூங்கா, நடைபாதை, விளையாட்டுத் திடல் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எட்டு வயதில் எங்கே விளையாடினாள், இப்போது ஏன் அங்கே போவதில்லை என்பதை அவளே எழுந்து சொல்லட்டும்.